மூடிக்குள் கட்டிய சீட்டு

14

வீட்டுச் சாவியைக் கொடுத்தது செவ்வாய்க்கிழமை. அது போன அத்தியாயத்துக் கதை. கொடுத்தவள் மருமகள், வாங்கிக்கொண்டவள் நாத்தனார், விஷயம் தெரியக் கூடாதவன் மருமகளின் வீட்டுக்காரன். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மருமகள் ஏன் வேலையைப் போட்டுவிட்டு ஓடினாள் என்பது விளங்கிவிடும்.

அவள் வேலை பார்ப்பது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில். ஃபிரேமின் அளவுக்கு லென்ஸைத் தேய்த்துப் பொருத்துகிற வேலை. ஒரு லென்ஸ் தேய்ந்துகொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. மாமியார்.

"எங்க இருக்கே?"

"கடையிலதான் அத்தை. என்னாச்சு?"

"உன் வீட்டுக்காரர் வந்துட்டாரு."

பெற்ற பிள்ளையை மாமியார் இப்படி மரியாதையாகக் குறிப்பிட ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. அந்த அம்மாளுக்குக் கோபம் வந்தால் கூடவே மரியாதையும் வந்துவிடும்.

"சாயங்காலம்தான் வருவேன்னாரே!"

"எனக்கென்ன தெரியும், என்கிட்டயா சொன்னாரு? டூல் பெட்டியோட செடி ரூமுக்குள்ள போயிருக்காரு. கதவை வேற சாத்தியாச்சு." மாமியார் இதையும் சேர்த்துக்கொண்டார். "நீ சீக்கிரம் வந்தா நல்லது."

ஏன் நல்லது என்று மாமியார் சொல்லவில்லை. மருமகளும் கேட்கவில்லை.

தலைவலி என்று கடைக்காரரிடம் சொன்னாள். அதில் பாதி உண்மைதான். தெருவில் இறங்கிய கையோடு நாத்தனாருக்கு போன் போட்டாள்.

"சொல்லுங்க அண்ணி."

"உங்கண்ணன் வீட்டுக்கு வந்துட்டாரு. செடி ரூம்ல இருக்காரு. அன்னிக்கு நீ என்னென்ன தொட்டே, சீக்கிரம் சொல்லு."

"ரெண்டாவது தட்டு விளக்குல விட்டுப்போன இணைப்பை ஈயம் வச்சுப் பத்தவச்சேன். கரண்ட்டைக் கொஞ்சம் குறைச்சேன். இலையெல்லாம் ஓரம் சுருண்டு வெளுத்துப்போயிருந்துச்சு அண்ணி, இன்னும் நாலு நாள் விட்டிருந்தா அவ்வளவுதான். அப்புறம் பெட்டிக்கு உள்ள…"

"அடையாளம் ஏதாவது விட்டுட்டு வந்தியா?"

"அடையாளம்னா?"

"நீ வந்துட்டுப் போனதுக்கு. கிளிப்பு, கைக்குட்டை, ஏதாவது."



"சீட்டு எழுதிக் கட்டியிருக்கேன்," என்றாள் நாத்தனார்.

"என்ன சீட்டு?"

"வேலைச் சீட்டு. யார் திறந்தா, என்ன பண்ணினா, எத்தனை மணிக்கு. பெட்டி மூடிக்கு உள்பக்கம் இருக்கு. கீழ கையெழுத்து."

மருமகள் நடைபாதையின் நடுவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர் அவள் மேல் மோதிக்கொண்டு முணுமுணுத்தபடி போனார்.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? திருட்டுத்தனமா வந்துட்டுப் போற வீட்டுல யாராவது கையெழுத்துப் போடுவாங்களா?"

"தொட்டா எழுதணும் அண்ணி. எழுதாம விட்டா அடுத்துத் திறக்கிறவங்க என்ன கண்டாங்க? நீங்களும் அதைப் படிக்கணும். அதுல மூணாவதா…"

"படிக்கிறதா? கிழிச்சு வாயில போட்டு முழுங்கப்போறேன். வை போனை!"

அந்த மூன்றாவது என்னவென்று அவள் அரை நிமிடம் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பேருந்து வந்துகொண்டிருந்தது, ஓடினாள்.

---

பேருந்தில் இடம் கிடைத்து உட்கார்ந்தபோதும் கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

நாத்தனாரின் புத்தி அப்படிப்பட்டது. லிஃப்ட் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருப்பவள். அங்கே எந்தப் பெட்டியைத் திறந்தாலும் சீட்டு எழுதிக் கட்டாமல் மூடக் கூடாது என்பது விதி. அண்ணனும் அதே கம்பெனியில் மெக்கானிக். "வாண்டு, வாண்டு" என்று கூப்பிட்டு, கையைப் பிடித்து அழைத்துப் போய் வேலையில் சேர்த்துவிட்டவனே அவன்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவன் பராமரிக்கிற லிஃப்ட் ஒன்று ஒரு மாடி உயரம் சறுக்கி இறங்கியது. உள்ளே இருந்த ஒரு பெண்ணுக்கு முழங்கால் முறிந்தது. பிரேக்கைச் சோதித்ததாக அவன் கையெழுத்து பதிவேட்டில் இருந்தது. விசாரணையில் நாத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பிரேக் மூடியை ஆறு மாதமாக யாரும் திறந்த தடயமே இல்லை என்று அவள் சொன்னாள்.

நான் பார்த்தேன், அவள் பொய் சொல்கிறாள் என்றான் அண்ணன். அவனை மெக்கானிக் வேலையிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். அன்று மாலையே, இனி அவள் இந்த வாசலை மிதித்தால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். "என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா" என்றார் மாமியார். அதோடு தாய்க்கும் பிள்ளைக்கும் பேச்சு நின்றது. வரும் திங்கட்கிழமை மேல்முறையீடு. நாத்தனாரை மறுபடியும் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள்.

பேச்சு நின்றதே தவிர விளக்கு வேலை நிற்கவில்லை. அதுதான் இந்தக் குடும்பத்தின் விசேஷம்.

பின்னறையில் மருமகள் குடைமிளகாய் நாற்று வளர்க்கிறாள். மூன்று தட்டு இரும்பு ரேக், முந்நூறு நாற்று. நாற்று எடுக்கும் பசுமைக்குடில் பண்ணையிலிருந்து மேற்பார்வையாளர் நாளைக் காலை பார்க்க வருகிறார். சன்னல் சின்னது, வெயில் எட்டாது. அந்த ரேக்கின் அளவுக்குக் கடையில் விளக்கு கிடைக்கவில்லை. மாமியார் இருபது வருடம் ரேடியோ தொழிற்சாலையில் பற்றவைப்பு வரிசையில் இருந்தவர். அலுமினியப் பட்டைகளில் நீலமும் சிவப்புமாக எல்.இ.டி. மணிகளை ஒட்டி, ஒன்றோடொன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார். மகன் பட்டைகளைத் தட்டுக்குத் தட்டு தொங்கவிட்டு, ரேக்கின் பக்கவாட்டில் ஒரு தகரப் பெட்டியை மாட்டி, மின்சாரத்தை அளந்து கொடுக்கிற டிரைவர்களை அதற்குள் வைத்து இணைத்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இரண்டு பேரும் முடித்த வேலை அது.

ஆனால் மாமியாரின் கண்ணில் புரை. அறுவைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது தட்டில் ஓர் இணைப்பு விட்டுப்போனபோது, மூன்று தடவை முயன்று, ஈயத்தை உருண்டை உருண்டையாகக் கொட்டிவிட்டு, பேசாமல் எழுந்து போனார். கண் தெரியவில்லை என்று மகனிடம் சொல்ல வாய் வரவில்லை. இன்னொரு தொல்லையும் இருந்தது. ஈரக் கையோடு ரேக்கைத் தொட்டால் விரல் கூசுகிறது என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகள் அதைக் கணவன் காதில் போட்டாள். "எர்த் போட்டாச்சு, சோதிச்சும் பார்த்தாச்சு. வயசானா அப்படித்தான் கூசும்" என்று பதில் வந்தது. கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற கம்பியைத்தான் எர்த் என்றான்.

வேறு வழியில்லாமல்தான் சாவி கைமாறியது. மாமியார் கண் மருத்துவரிடம் போயிருந்த இரண்டு மணி நேரத்துக்குள் நாத்தனார் வந்து போய்விட்டாள். திரும்பி வந்த மாமியார் விளக்கு எரிவதைப் பார்த்தார். யார் சரி செய்தது என்று இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

---

வீட்டுக்குள் நுழைந்தபோது மாமியார் செடி ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார், காவலுக்கு இருப்பவர் மாதிரி. சாத்திய கதவின் அடியில் ஊதா வெளிச்சம் கசிந்தது.

"மூடியைத் திறந்துட்டாரா?" என்று கிசுகிசுத்தாள் மருமகள்.

"எந்த மூடி?"

மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

கணவன் குந்தி உட்கார்ந்து பெட்டியின் பக்கவாட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மூடி திறக்கவில்லை, நான்கு திருகாணியும் இருந்த இடத்தில் இருந்தன. அவளுக்கு மூச்சு வந்தது.

"நீ எப்படி இந்நேரத்துல?"

"தலைவலி. நீங்க?"

"நாளைக்கு ஆள் வராங்கல்ல. எல்லாத்தையும் ஒரு தடவை பார்த்துடலாம்னு அரை நாள் லீவு கேட்டேன்." உனக்காகத்தான் என்று அவன் சொல்லவில்லை. அவளுக்குத்தான் நெஞ்சில் முள் குத்தியது. "இங்க வா. இதைப் பாரு."

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை. கரண்ட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகு அதற்குள் இருந்தது. அதன் தலையிலிருந்து தகரம் வரைக்கும் மஞ்சள் பெயின்ட்டில் ஒரே நேர்க்கோடு போடுவது அவன் வழக்கம். லிஃப்ட் வேலையில் வந்த பழக்கம். யாராவது திருகைத் தொட்டால் கோடு இரண்டாக உடைந்துவிடும்.

உடைந்திருந்தது.

"நான் போட்ட கோடு தப்பியிருக்கு. யார் தொட்டது?"

"நான் தொட்டேன்னு சொல்லு," என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

இரண்டு அடி தூரத்தில் இருக்கிற மகனுக்கு மருமகள் வழியாகத் தபால். இரண்டு மாதமாக அவளுக்கு இந்த உத்தியோகம் கூடுதலாகச் சேர்ந்திருந்தது.

"எதுக்குத் தொட்டாங்கன்னு கேளு," என்றான் கணவன்.

"இலை வெளுத்துச்சு, தொட்டேன். ஆளு வளர்க்கிற செடியா, அடுப்புல வாட்டுற செடியான்னு தெரியாம கரண்ட்டை ஏத்தி வச்சா வேற என்ன செய்யுறதுன்னு கேளு."

"கண்ணு தெரியாம அந்தத் துளைக்குள்ள எப்படி விட்டாங்களாம்?"

கண் விஷயம் அவனுக்குத் தெரிந்தே இருந்தது. ஸ்டூல் லேசாக நகர்கிற சத்தம் கேட்டது. 

"தடவிப் பார்த்துத்தான்."

"எந்தப் பக்கம் திருப்பினாங்க?"

"வலப்பக்கம்."

கணவன் மெதுவாக எழுந்தான். கோடு இடப்பக்கம் திரும்பியிருந்தது. அவன் கோபப்பட்டிருந்தால்கூட மருமகளுக்குத் தேவலை என்றிருக்கும். அவன் அமைதியாகத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"நான்தாங்க திருப்பினேன்," என்றாள் மருமகள். "அத்தை எனக்காகப் பழியைத் தூக்கிப் போட்டுக்கிறாங்க."

"நீயா? திருகாணியைக் கண்டா தூர ஓடுறவ நீ. எவ்வளவு திருப்பினே?"

"கொஞ்சம்."

"இது அளந்து வச்ச மாதிரி கால் சுத்து. ஒரு மயிரிழை கூடவும் இல்ல, குறையவும் இல்ல." அவன் டூல் பெட்டியைக் குனிந்து எடுத்தான். "ஒரு கால் சுத்துக்கு ரெண்டு பேர் வந்து நிக்கிறீங்க. அப்ப ரெண்டு பேரும் திருப்பலை."

"என்னங்க, சாப்பிட்டீங்களா? முதல்ல வந்து சாப்பிடுங்க."

"தள்ளு."

"விளக்கு நல்லாத்தானே எரியுது? எரியுறதைப் பிரிச்சு, நாளைக்கு ஆள் வர்ற நேரத்துல ஏதாவது ஆகிப்போச்சுன்னா?" சொல்லிக்கொண்டே அவள் பெட்டியை மறைத்து நின்றாள். குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு எட்டிப் பிளக்கைப் பிடுங்கினான். மூன்று தட்டும் ஒரே நேரத்தில் அணைந்தன. ஊதா வெளிச்சம் போனதும் அந்த அறை வெறும் அறையாகிவிட்டது. அவளைத் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினான். முரட்டுத்தனமாக நகர்த்தவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

முதல் திருகாணி கழன்றது. இரண்டாவது. வாசலில் மாமியார் எழுந்து நின்றுவிட்டார். மூன்றாவது கொஞ்சம் அடம்பிடித்தது. நான்காவது அவன் உள்ளங்கையில் விழுந்தது. மூடியைத் திருப்பினான்.

உள்பக்கம் நைலான் நூலில் கட்டிய வெள்ளை அட்டைச் சீட்டு தொங்கியது.

அந்த எழுத்து யாருடையது என்று அவனுக்குக் கையெழுத்துவரை போகாமலே தெரிந்திருக்கும். அதை எழுத அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவன்தானே. 

"சாவி யார் கொடுத்தா?"

"நான்தான்." இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. "திட்டணும்னா என்னைத் திட்டுங்க. அவளைக் கூப்பிட்டது நான். இணைப்பு விட்டுப்போச்சு, அத்தையால முடியலை, உங்ககிட்ட சொன்னா சண்டை வரும். எனக்கு வேற யாரும் இல்ல."

அவன் திட்டவில்லை. படித்துக்கொண்டிருந்தான். ஐந்தாறு வரிதான், ஆனால் அவன் கண் கீழே போவதும் மேலே வருவதுமாக இருந்தது. திடீரென்று சீட்டை விட்டுவிட்டுப் பெட்டிக்குள் கையை நுழைத்தான். பச்சைக் கம்பி ஒன்றை விரலால் பிடித்து, அது போய்ச் சேர்கிற இடம்வரை தடவிக்கொண்டே போனான். கம்பி ரேக்கின் கால் சட்டத்தில் புதிதாகத் துளையிட்டு மாட்டிய ஒரு போல்ட்டில் முடிந்தது. போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரியும்படி சுத்தம் செய்திருந்தார்கள்.

அவன் அப்படியே காலியான நாற்றுப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் மாமியார். "யாராவது படிச்சுச் சொல்லுங்களேன்."

மருமகள் சீட்டைக் கையில் எடுத்தாள். கிழித்து முழுங்கப் போவதாகச் சொன்ன அதே சீட்டு.

"செவ்வாய், பகல் 2.10. ஒன்று, இரண்டாம் தட்டில் விட்டுப்போன இணைப்பைப் பற்றவைத்தேன். இரண்டு, கரண்ட் அதிகம், இலை வெளுக்கிறது, கால் சுற்று குறைத்தேன். மூன்று…" அவள் நிறுத்தி, ஒரு தடவை மனதுக்குள் படித்துவிட்டு, பிறகு உரக்கப் படித்தாள். "மூன்று, எர்த் கம்பி எதிலும் சேர்க்கப்படவில்லை. நுனியை மடக்கி டேப் சுற்றி விடப்பட்டிருந்தது. முதல் தட்டு டிரைவரில் மின்கசிவு இருக்கிறது, மாற்ற வேண்டும். எர்த்தை ரேக்கில் சேர்த்தேன், சோதித்தேன்."

மாமியார் உள்ளே வந்தார். இரண்டு மாதமாக மகன் இருக்கிற அறைக்குள் அவர் கால் வைத்ததில்லை. தினமும் காலையில் தண்ணீர் தெளிக்கும்போது பிடித்துக்கொள்கிற சட்டத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப நான் கூசுதுன்னு சொன்னது வயசுக்கோளாறு இல்ல."

ஈரக் கையோடு எத்தனை நாள் அந்தச் சட்டத்தைப் பிடித்திருப்பார் என்று மருமகள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். அவளும்தான் பிடித்திருக்கிறாள்.

"லக் கையில இல்ல," என்றான் கணவன் தரையைப் பார்த்து. கம்பி முனையில் மாட்டுகிற வளையத்தைச் சொன்னான். "மறுநாள் வாங்கிட்டு வந்து போடலாம்னு டேப் சுத்தி வச்சேன். அப்புறம் மறந்துட்டேன். நீ கேட்டப்ப, போட்டுட்டேன்னு வாயில வந்துடுச்சு. சொன்ன பிறகு, போட்ட மாதிரியே எனக்கே ஆயிடுச்சு."

"சோதிச்சேன்னும் சொன்னீங்க," என்றாள் மருமகள். அவளை அறியாமல் குரல் உயர்ந்திருந்தது.

"சோதிக்கலை."

மாமியார் மகனுக்கு எதிரில் வந்து நின்றார். தபால்காரியைத் தேடவில்லை.

"அன்னிக்கும் இப்படித்தானாடா?"

எதைக் கேட்கிறார் என்று மூன்று பேருக்கும் தெரியும். லிஃப்ட், பிரேக், பதிவேட்டில் கையெழுத்து. இரண்டு மாதமாக இந்த வீட்டில் யார் எதைப் பேசினாலும் அடியில் கிடந்தது இந்தக் கேள்விதான்.

அவன் தலையை நிமிர்த்தவில்லை. மருமகள் அவன் வாயையே பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிடு என்று ஒரு மனது கெஞ்சியது. இன்னொரு பொய்யைத் தாங்க மாட்டேன் என்று இன்னொரு மனது.

"ஆமாம்மா," என்றான்.

மாமியார் அவனை அடிக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. ரேக்கின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்காமலே நின்றார்.

"அவ நம்பரைப் போட்டுக் கொடு," என்றான் மனைவியிடம். "என்கிட்ட இல்ல. அழிச்சுட்டேன்."

மருமகள் போட்டுக் கொடுத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள் நாத்தனார். அந்தச் சின்ன அறையில் அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணி, சீட்டைப் படிச்சீங்களா? நான் சொல்ல வந்ததே அந்த எர்த் விஷயம்தான்…"

"படிச்சேன்," என்றான்.

அண்ணன் என்று தெரிந்ததும், வேறு குரலில், "திங்கக்கிழமை விசாரணைக்காகத்தானே கூப்பிடுறே?" என்றாள்.

"ஆமா. நீ வர வேண்டாம்."

மாமியாரின் கை மருமகளின் முழங்கையை இறுக்கிப் பிடித்தது.

"நான் பிரேக்கைப் பார்க்கலைன்னு நானே சொல்லிக்கிறேன். அதை மறுபடி உன் வாயால நீ சொல்ல வேண்டாம்."

நாத்தனார் அழுகிறாள் என்று நினைத்தாள் மருமகள். ஆனால் பதில் வந்தபோது அதில் அழுகை இல்லை. சோதனைப் பிரிவுக்காரியின் குரல்தான் இருந்தது.

"அண்ணா, அப்படிச் சொன்னா ஸ்டோர் வேலையும் போயிடும். வழக்கும் உன் பேர்ல வரும், உள்ள போக வேண்டியதாக்கூட ஆகலாம். தெரிஞ்சுதான் பேசுறியா? அண்ணிகிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. போனைக் காதிலிருந்து இறக்காமலே, அவன் இப்போதுதான் திரும்பி மனைவியைப் பார்த்தான்.